கூடு உடைந்த சாவி: ஷோரூம் கவுண்டரும் சாவிக்காரர் மேசையும்

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், எங்கள் அடுக்ககத்துப் படிக்கட்டில் கார் சாவி கைநழுவி விழுந்தது. மூன்று படி உருண்டு கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் கூடு வாய் பிளந்திருந்தது. மடங்கி விரியும் பிளேடு பிடிமானம் இல்லாமல் ஆடியது. பூட்டும் பொத்தான் உள்ளே அமுங்கிப் போய் வெளியே வரவில்லை. வண்டி கிளம்பியது, ஆனால் ஒரு கையால் பிளேடின் அடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருக வேண்டியிருந்தது.

அந்த வாரமே சாவியை இரண்டு இடங்களுக்கு எடுத்துப் போனேன். ஒன்று, கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். இன்னொன்று, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையை ஒட்டி, ஆறடிக்கு நாலடி இடத்தில் மேசை போட்டிருக்கும் சாவிக்காரர். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? முதல் இடத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், பத்து நாள் என்றார்கள். இரண்டாவது இடத்தில் 600 ரூபாய், அரை மணி நேரம்.

இவ்வளவு வித்தியாசம் என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. விசாரிக்க விசாரிக்க, இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்க்கவே இல்லை என்று புரிந்தது. சர்வீஸ் சென்டரில் இருந்த அட்வைசர் சாவியை வாங்கிப் பார்த்தார், கணினியில் சேஸிஸ் எண்ணைத் தட்டினார், பிறகு, "செட்டாத்தான் சார் வரும், தனித்தனியா பார்ட் நம்பர் இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் திரையில் 'சாவி' என்பது ஒரே உருப்படி, அதற்கு ஒரே விலை. சாவிக்காரரோ விலை சொல்வதற்கு முன்பே ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கூட்டை நெம்பி, உள்ளே கழன்று வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் விரித்த துணியில் வைத்தார். "போர்டு நல்லாருக்கு. சிப்பு நல்லாருக்கு. பிளேடு நல்லாருக்கு. கூடுதான் போச்சு, ஒரு சுவிட்சும் போச்சு." அவருக்கு அது பேட்டரியோடு சேர்த்து ஐந்து பொருள்.

இந்த ஐந்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. செலவு கூடுவதும் குறைவதும் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது பிளேடு, பூட்டுக்குள் போகும் இரும்பு. இரண்டாவது கூடு, பொத்தான்களின் ரப்பரோடு சேர்த்து. மூன்றாவது பேட்டரி, பெரும்பாலும் சிஆர் 2032 அல்லது அதன் தம்பிகளான 2025, 1632, 1620. இந்த எண்களிலேயே அளவு அடங்கியிருக்கிறது: 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2032 இருந்த இடத்தில் 2025 போட்டால் வேலை செய்வது போலத் தெரியும், 0.7 மில்லிமீட்டர் மெலிந்திருப்பதால் தகடு சரியாகப் பிடிக்காமல், நாலு தடவைக்கு ஒரு தடவை ஏமாற்றும். நான்காவது ரிமோட் போர்டு. பொத்தானை அமுக்கினால் ரேடியோ அலையில் செய்தி அனுப்புவது. ஐந்தாவது சிப். ஊசி மருந்துக் குப்பியைப் போல மெலிந்த கண்ணாடிக் குழாயாகவோ, கறுப்புத் துண்டாகவோ, சில சாவிகளில் போர்டிலேயே ஒட்டியதாகவோ இருக்கும். இதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவியை நுழைத்துத் திருகும்போது, இக்னிஷன் துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அதற்கு மின்சாரத்தைக் காற்றிலேயே ஊட்டுகிறது. சிப் விழித்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அது சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு எஞ்சினை ஓட விடும். 1998-இல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் புதுக் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இந்தியாவில் மாருதி இதை ஐகேட்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்ததைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ரிமோட்டும் சிப்பும் ஒரே கூட்டுக்குள் குடியிருந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். பொத்தான் வேலை செய்யவில்லை, ஆனால் வண்டி கிளம்புகிறது என்றால் கோளாறு பேட்டரியிலோ சுவிட்சிலோ போர்டிலோ இருக்கிறது. சிப்பைத் தொடவே வேண்டாம். கதவு ரிமோட்டில் திறக்கிறது, ஆனால் வண்டி கிளம்பாமல் டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு சிமிட்டுகிறது என்றால், கோளாறு சிப் பக்கம் இருக்கலாம். இரண்டாவது சாவியை எடுத்து அமுக்கிப் பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் சாவியையே சந்தேகப்பட வேண்டாம். காருக்குள் இருக்கும் ரிசீவரையும் காரின் பேட்டரியையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. கவுண்டரில் இதை யாரும் செய்து காட்டவில்லை. அவர்கள் சாவியைத் திறந்து பார்க்கும் வழக்கமே இல்லை.

கூடு உடைந்த சாவிக்குச் சாவிக்காரர் செய்தது இதுதான். என் பழைய கூட்டைப் போலவே இருந்த புதுக் காலிக்கூடு ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்தார். பழைய பிளேடைப் பிடித்திருந்த சிறு பின்னைச் சுத்தியால் தட்டி வெளியே எடுத்து, அதே பிளேடைப் புதுக் கூட்டில் பொருத்தினார். புதிதாக வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை. போர்டில் அமுங்கிப் போயிருந்த சுவிட்ச், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு பொட்டலமாக வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றின் விலை சில ரூபாய்தான். பழையதைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் சால்டரிங் செய்தார். பிறகு பழைய கூட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் ஒரு மூலையைக் காட்டி, "இங்க பாருங்க சார்" என்றார். கண்ணாடிக் குழாய் போன்ற சிப் அந்த மூலையில் பசையோடு ஒட்டியிருந்தது.

வீட்டிலேயே கூடு மாற்றுபவர்கள் பலர் தோற்கும் இடம் இதுதான். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கூடு வாங்கி, போர்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கதவு அழகாகத் திறக்கும். வண்டி கிளம்பாது. சிப் குப்பை வண்டியோடு போயிருக்கும். சிக்கனமாக முடிக்க நினைத்த வேலை, அப்போதுதான் புதுச் சாவிச் செலவாக மாறும். ஆகவே எங்கே மாற்றினாலும், யார் மாற்றினாலும், புதுச் சாவியில் வண்டி கிளம்பும்வரை பழைய கூட்டைக் கையைவிட்டு விடாதீர்கள்.

இணையத்தில் வாங்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களின் ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அமெரிக்க, ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது 315. அச்சு அசலாக ஒரே முகம் கொண்ட சாவி இரண்டு அலைவரிசையிலும் விற்கப்படுகிறது. வெறும் கூடு வாங்கினால் இது பொருட்டில்லை. போர்டோடு வாங்கினால் இது ஒன்றே போதும், பணம் வீணாக.

இதுவரை சொன்னதில் சாவிக்காரர் பக்கமே தராசு தாழ்ந்திருக்கிறது. உடைந்த சாவியைப் பொறுத்தவரை அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சாவி உடைவது வேறு, தொலைவது வேறு, போர்டே செத்துப்போவது வேறு.

தண்ணீரில் விழுந்து போர்டு அரித்துப் போயிருந்தால், அல்லது விழுந்த வேகத்தில் அலைவரிசையைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ரெசனேட்டர் உடைந்திருந்தால், புது ரிமோட்டைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பழையதைப் பார்த்து அப்படியே எழுத முடியாது. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் ரிமோட் ஒரு புதுச் சங்கேதத்தை அனுப்புகிறது. நேற்று ஒருவன் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த சங்கேதம் இன்று செல்லாது. இந்த வகையில் பெயர்பெற்றது கீலாக். 1980-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் பிறந்தது. 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் அதை வாங்கியது. அந்த முறையில் காரும் ரிமோட்டும் ஒரே கணக்கை இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டிருக்கின்றன. குழந்தை சாவியை வைத்து விளையாடி, காருக்குக் கேட்காத தூரத்தில் பதினாறு தடவைக்கு மேல் அமுக்கிவிட்டால் கணக்குப் பிசகும். அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். 'ரிமோட் செத்துப்போச்சு' என்று கொண்டுவரும் சிலரிடம், வண்டியருகே போய் மறுபடி மறுபடி அமுக்கிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம் எங்கள் சாவிக்காரர்.

புது ரிமோட்டையோ புது சிப்பையோ பதிய, ஸ்டீயரிங்கிற்கு அடியில் இருக்கும், கோளாறு கண்டறியும் ஓபிடி துளையில் ஒரு கருவியைச் சொருக வேண்டும். கம்பெனியிடம் தன் சொந்தக் கருவி இருக்கிறது. பாதுகாப்புக் குறியீடு தலைமையகத்திலிருந்து வருகிறது. தெருவில் இருப்பவை எக்ஸ்ஹார்ஸ், ஆட்டெல் போன்ற சீனக் கருவிகள். ரிமோட்டுக்கும் 'கேடி ரிமோட்' என்ற பொது வகை உண்டு. எந்தக் காருக்கு வேண்டுமோ அதுபோல எழுதிக்கொள்ளலாம். பல சாதாரண கார்களுக்கு இவை நன்றாகவே வேலை செய்கின்றன. புதிதாக வந்த மாடல்களில், குறிப்பாகப் பொத்தான் அமுக்கிக் கிளப்பும் ஸ்மார்ட் கீ வண்டிகளில், கம்பெனிகள் கதவை இறுக்கிக்கொண்டே போகின்றன. அங்கே தெருக் கருவியின் கை எல்லா நேரமும் எட்டுவதில்லை.

இங்கே இரண்டு வார்த்தைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சாவிக்கடையில் இரண்டுக்கும் 'டூப்ளிகேட்' என்றே பெயர். ஒன்று, நகல். இருக்கும் சிப்பின் அடையாளத்தை அப்படியே இன்னொரு வெற்றுச் சிப்பில் எழுதுவது. இரண்டு சாவி இருப்பது காருக்கே தெரியாது. மலிவு, வேகம். இரண்டாவது, பதிவு. புது சிப்பைக் காரின் நினைவில் தனிச் சாவியாகச் சேர்ப்பது. கூடுதல் சாவி மட்டும் வேண்டுமென்றால் நகலே போதும். ஆனால் சாவி தொலைந்துவிட்டால் நகல் உதவாது. தொலைந்ததை எடுத்தவனிடம் உங்கள் கார் இன்னும் 'வாங்க' என்றுதான் சொல்லும். காரின் நினைவிலிருந்து எல்லாச் சாவியையும் அழித்துவிட்டு, கையில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பதிய வேண்டும். கம்பெனியில், வீட்டில் மிச்சமிருக்கும் சாவியையும் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான். அந்த அட்வைசர் என்னிடமும் அதைச் சொன்னார். அப்போது அது வீண் அலைச்சலாகத் தெரிந்தது. இன்று அப்படி நினைக்கவில்லை. ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் பார்த்து, வேலையை உங்கள் சேஸிஸ் எண்ணின் கீழ் எழுதிவைத்து, பில் கொடுப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. வண்டி களவு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும் புதுச் சாவிக்கான பில்லும்தான் உங்களுக்காகப் பேசும். பேசிக்கொண்டே முடித்த தெரு வேலை அங்கே பேசாது.

நல்ல சாவிக்காரர்களுக்கு இது தெரியும். தொலைந்த சாவிக்கு மாற்று கேட்டு வருபவரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பவரே நம்பத் தகுந்தவர். எங்கள் தெருக்காரர் கேட்கிறார். ஒரு நீள நோட்டில் வண்டி எண்ணும் தேதியும் கைபேசி எண்ணும் எழுதிக்கொள்கிறார். முப்பது வருடத்துக்கு முன் அவர் அப்பா அரத்தை வைத்து வேலை செய்த காலத்திலிருந்தே வரும் பழக்கமாம். சாவியே இல்லாத பூட்டுக்குள் வெற்றுச் சாவியை நுழைத்து, அதில் விழும் மெல்லிய தழும்பைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவி, கண்ணும் விரலும் மட்டுமே துணையாகச் சாவி செய்த கை அது. அந்தக் கைவேலைக்குக் கள்ளச்சாவி என்று ஊர் வைத்த பெயரை, நோட்டில் எழுதுவதால்தான் தாங்க முடிந்தது என்று அவர் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குக் கம்பெனிகள் ஏன் கதவை இவ்வளவு இறுக்குகின்றன என்ற கேள்வி தெருவோடு நிற்கவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது, அதன் பட்டியலில் கைபேசியோடும் வேளாண் கருவியோடும் வாகனமும் இடம்பெற்றது. திருட்டைத் தடுக்கும் தொழில்நுட்பத்தை எல்லாருக்கும் திறந்துவிட முடியாது என்ற கம்பெனி வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சிப்பின் சங்கேதம் ரகசியமாக இருக்கட்டும். ஆனால் காலிக்கூட்டில் என்ன ரகசியம் இருக்கிறது? ரப்பர் பொத்தானில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? அவற்றுக்குத் தனிப் பார்ட் நம்பர் கொடுத்துக் கவுண்டரில் விற்றால், என்னைப் போல வருபவர்களுக்கு எட்டாயிரம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது.

புதுப்பேட்டையைச் சொல்லாமல் சென்னையில் கார் உதிரிபாகம் பற்றி எழுத முடியாது. பழைய வண்டியின் கதவு, கண்ணாடி, விளக்கு வாங்க அதைவிடச் சிக்கனமான இடமில்லை. ஆனால் பழைய ஸ்மார்ட் கீயை அங்கே மலிவாக வாங்கலாம் என்று போகாதீர்கள். ஒரு காருக்குப் பதிந்த ஸ்மார்ட் கீ பல கம்பெனிகளில் அந்தக் காருக்கே பூட்டப்பட்டுவிடும். தனிக் கருவியால் அதை அவிழ்த்தால்தான் அடுத்த காருக்கு ஆகும்; எல்லாவற்றையும் அவிழ்க்கவும் முடியாது. சாதாரண மடக்குச் சாவியின் கூட்டுக்கும் பிளேடுக்கும் போகலாம்.

ஸ்மார்ட் கீ வைத்திருப்பவர்கள் பயப்படும் அளவுக்குப் பேட்டரி ஒரு பிரச்சினையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி செத்தாலும் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு இரும்புச் சாவியால் கதவைத் திறக்கலாம்; பெரும்பாலான மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தோ, கையேட்டில் சொன்ன பள்ளத்தில் வைத்தோ கிளப்பலாம். இதைத் தெரியாமல் நடு ராத்திரியில் இழுவை வண்டிக்குப் பணம் கொடுத்தவர்களை அறிவேன்.

ஆக, நான் எப்படி முடிவெடுப்பேன்? கூடு, ரப்பர், சுவிட்ச், பேட்டரி என்றால் சாவிக்காரர்தான், யோசிக்கவே மாட்டேன். சாதாரண மடக்குச் சாவிக்கு இன்னொரு சாவி வேண்டும் என்றாலும் அவரே; நகலா பதிவா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். சாவி தொலைந்தால், வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால், ஸ்மார்ட் கீ என்றால் சர்வீஸ் சென்டர், விலை கசந்தாலும். நம் காப்பீட்டில் சாவிக்கான தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்கிறோமா என்று அதற்கு முன் பாலிசியைப் புரட்டிப் பார்ப்பேன். இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் போய்விட்டால் இரண்டு இடத்திலும் செலவு ஏறிவிடும். படித்து நகலெடுக்க எதுவும் மிஞ்சாது. பல கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையே கழற்றி அதன் நினைவைப் படிக்க வேண்டி வரும். வண்டியை இழுத்துக்கொண்டும் போக வேண்டும். ஒரு சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்று செய்து வைப்பதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய சிக்கனம்.

வேலை முடிந்து 600 ரூபாயைக் கொடுத்துக் கிளம்பும்போது சாவிக்காரர் கேட்டார்: "வண்டி எடுத்தப்ப சாவியோட ஒரு சின்னத் தகடு குடுத்திருப்பாங்களே, நம்பர் போட்டு? வெச்சிருக்கீங்களா?" சாவி வெட்டின் குறியீட்டு எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரிஜினல் சாவியே இல்லாமல் போனாலும் அந்த எண்ணை வைத்து பிளேடை வெட்டிவிடலாம். அப்படி ஒன்று வந்ததே எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். எட்டு வருடம் முந்தைய விலைப்பட்டியலும் மாலை போட்டு எடுத்த டெலிவரிப் படமும் இருந்த காகித உறையில், அடியில், கம்பி வளையத்தோடு கிடந்தது. எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்தேன். தகட்டை மனைவியிடம் கொடுத்தேன். காரில் மட்டும் வைக்கவில்லை.